மிஸ்னாலிக்காகக் கட்டிய ராத்திரி

எங்கள் ஏழாம் சந்தில் முடிவெட்டும் மிஸ்னாலிக்கு இரண்டு திறமைகள் இருந்தன. ஒன்று கத்தரி, இன்னொன்று தூக்கம். கத்தரியைவிடத் தூக்கத்தில்தான் மனிதர் கெட்டிக்காரர் என்பேன்.

மதுரா தீவிலிருந்து இருபது வயதில் ஒரு சீப்பு, ஒரு கத்தரி, ஒரு சவரக்கத்தியோடு கிழக்கு ஜாவாவுக்கு வந்து இறங்கியவர். ஆறு வருஷம் எங்கள் ஊர் புளியமரத்தில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டி முடிவெட்டினார். அந்த மரத்தடி நாற்காலியில் அவர் தூங்கியபோது முதல் சைக்கிள் திருடு போனது. அதே நாற்காலியில் தூங்கியபோது இரண்டாவதும் போனது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையாக மேடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்று அவர் மனைவி ஹொஸ்னியா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார் சொல்வாள். பிறகு சந்தில் கடை போட்டார். ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் அந்தக் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருக்க, இவர் முடிவெட்டும் நாற்காலியில் காலை மடக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறார். உலுக்கி எழுப்பினால், "வடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

நான் ரெத்னோ. அவர் கடைக்கு அடுத்த ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் வெறும் பலகைச் சுவர், அதனால் அந்தக் கடையில் நடந்த எல்லாவற்றையும் இருபத்தாறு வருஷமாகக் காதால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தின் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் நான்தான் செயலாளர். சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது. தட்டச்சு செய்யத் தெரியும் என்று ஒரு கூட்டத்தில் வாய்தவறிச் சொன்னதற்கு இந்தத் தண்டனை.

விளக்கு வேண்டும் என்று மனு அடித்தவள் நானே. ஒருநாள் அந்தி மயங்கிய நேரத்தில் பள்ளிக்கூடத்தின் கேள்வித்தாள் கட்டோடு சாக்கடைக்குள் விழுந்தேன். கால் சுளுக்கிக்கொண்டது, நான்காம் வகுப்புக் கணக்குப் பரீட்சை தள்ளிப்போனது. பழைய மஞ்சள் விளக்கு எரிந்தும் எரியாமலும் இருந்ததுதான் காரணம் என்று காரசாரமாக எழுதினேன். முதல் கையெழுத்து மிஸ்னாலி போட்டார். கம்பம் நட இடம் கேட்டபோது, "என் கடை வாசல்லயே நடுங்க, சாயங்காலமும் நாலு தலை வரும்" என்று அவரே இடம் கொடுத்தார். கம்பம் நட்டபோது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போட்டோவுக்கு நின்றார். அந்தப் போட்டோ நகராட்சி நாட்காட்டியில் மார்ச் மாதமாக வந்தது.

புது எல்இடி விளக்கு எரிந்த முதல் மாலை சந்தே கூடி நின்று கைதட்டியது. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. சாக்கடையில் நீந்தும் மீன்குஞ்சுகளை எண்ணலாம். எங்கள் சந்துத் தலைவர் விர்யோ ஐயா, எங்கள் ஊர் வழக்கில் பாக் விர்யோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இனிமே நம்ம சந்துல ராத்திரியே கிடையாது!" என்றார். எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது மிஸ்னாலி.

விளக்கின் தலை, கடைக்கு மேலே அவர் குடியிருக்கும் மாடியின் ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கிறது என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் பட்டப்பகல். திரை போட்டார், காற்று நின்றது. துணியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார், வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சுதந்திர தினத்துக்கு நடக்கும் சுத்தமான சந்துப் போட்டியில் நாங்கள் முதல் பரிசு வாங்கியவர்கள். மொத்தச் சந்தும் சுண்ணாம்பு வெள்ளை, அதில் ஒரு விரல்கறை விழுந்தாலும் பாக் விர்யோ கூட்டம் போட்டுவிடுவார். விளக்கையே மூடிவிடலாம் என்றால், கம்பத்தில் தகடு அடித்திருக்கிறது: மூடுவதும் சாயம் பூசுவதும் குற்றம். கட்டிலுக்கு அடியில் படுத்தார், தரை பளபளத்தது. என் கடையின் மேஜைக்கடியில் ஒருநாள் படுத்துப் பார்த்தார், எலி காதைக் கடித்தது.

ஹொஸ்னியாவுக்கு ஒரு குறையும் இல்லை. படுத்ததும் குறட்டை. "எனக்கென்ன, தூங்கும்போது வீட்ல எது எங்க இருக்குன்னு தெரியுது, நிம்மதியா இருக்கு" என்றாள்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குற உனக்கு எப்படிடி தெரியும்?" என்றார் மிஸ்னாலி.

"தெரியுதுன்னா தெரியுது. பொறாமைப்படாதீங்க."

அவள் அவரை அரசு சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டரம்மா நல்லவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி வெள்ளை வெளிச்சம் மூளைக்குப் பகல்னு சொல்லிடும் பாக். உடம்பு தூங்கத் தயாராகாது. ரொம்ப நாள் இப்படியே இருந்தா நல்லதில்ல" என்றார். வைத்தியம் என்ன என்று கேட்டதற்கு, இருட்டான அறையில் எட்டு மணி நேரம் தூங்கச் சொன்னார். அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நான்தான் அதற்கு ஜெராக்ஸ் எடுத்தேன்.

டாக்டரம்மா சொன்னது சந்துக்குள் வந்ததும் சந்தின் வைத்தியமாக மாறியது. எங்கள் ஊரில் தலைவலி, வயிற்றுவலி, கடன்காரன் வந்த கவலை, எதற்கும் ஒரே காரணம்தான்: காற்று உள்ளே புகுந்துவிட்டது. தைலம் தடவி, நாணயத்தால் முதுகைச் சுரண்டி அதை வெளியே எடுப்போம். மிஸ்னாலியைக் கவிழ்த்துப் போட்டு நாலு பேர் சுரண்டினார்கள். வழக்கமாகக் காற்று என்றால் கோடுகள் கருஞ்சிவப்பாக வரும். இவருக்கு வெளிர் சிவப்பாக வந்தன.

"இது காத்து இல்ல. வெளிச்சம்தான் புகுந்திருக்கு" என்று பாக் விர்யோ தீர்ப்பு சொன்னார்.

"எவ்வளவு உள்ள போயிருக்கும் பாக்?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார் மிஸ்னாலி.

"முதுகெலும்பு வரைக்கும் போயிருக்கும். அசையாம படு."

பிறகு கேட்கவா வேண்டும்? ஒருத்தர் வீட்டில் மிளகாய்ச் செடி பூக்காததற்கு வெளிச்சம் காரணம். ஒருத்தர் மாமியார் பேச ஆரம்பித்தால் நிறுத்தாததற்கு வெளிச்சம் காரணம். பந்தல் போடும் கசியான், தன் மூன்று கோழிகளும் வெளிச்சம் புகுந்து கிறுக்குப் பிடித்து அலைகின்றன என்று அவற்றின் முதுகையும் சுரண்டப் போனார், கொத்து வாங்கித் திரும்பினார். நான் சிரித்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த மாதம் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது.

சிரிப்பு அடங்கிய நாள் ஒரு வியாழக்கிழமை. பாக் விர்யோ சவரத்துக்கு வந்திருந்தார். மிஸ்னாலி சவரத்துக்கு முன் நெற்றியையும் பிடரியையும் நன்றாகப் பிடித்துவிடுவார், வந்தவர்கள் சொக்கிப்போய்க் கண்ணயர்வார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது.

"மிஸ்னாலி."

"சொல்லுங்க பாக்."

"எனக்குப் புருவம் ரெண்டு இருந்துச்சுல்ல?"

"ஆமா பாக்."

"இப்ப எண்ணிச் சொல்லு."

இடது புருவம் வழித்தெடுத்த மாதிரிப் போயிருந்தது. நெற்றி முடியைச் சீராக்கும்போது மிஸ்னாலிக்கு நின்ற இடத்திலேயே ஒரு நொடி கண் சொருகியிருக்கிறது, கை மட்டும் வேலையைத் தொடர்ந்திருக்கிறது. பாக் விர்யோ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புருவம் வளரும்பா. கத்தி ஒரு அங்குலம் கீழ, கண்ணுல இறங்கியிருந்தா?" என்றார். நான் என் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே நாற்காலி காலியாக ஆரம்பித்தது. வந்த நாலைந்து பேரும் உட்காருவதற்கு முன் அவரைச் சோதித்தார்கள்.

"ஏழெட்டு எவ்வளவுண்ணே?"

"அம்பத்தாறு."

"நேத்து என்ன கிழமை?"

அவர் யோசித்தால் போதும், "அவசரமா ஒரு வேலை இருக்கு, அப்புறம் வர்றேன்" என்று நழுவிவிடுவார்கள். ஒருத்தர் முடி வெட்டி முடியும் வரை தேசியகீதம் பாடச் சொன்னார். மிஸ்னாலி பாடினார். கண் சிவந்து, கன்னம் ஒட்டி, கத்தரியைப் பிடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பாடினார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. விளக்குக்கு மனு அடித்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஹொஸ்னியா கேலி பேசுவதை நிறுத்தினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு காலையில் என் கடை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள இவர் தூங்கலைன்னா கடையைச் சாத்திட்டு மதுராவுக்கே போயிடுறோம். பெருநாளுக்கு முன்னாடி வர்ற கூட்டத்துல இந்தக் கையோட கத்தியை எடுத்தா, கொலைக்கேஸ் ஆயிடும்."

நோன்புக்கு ஐந்து வாரம் இருந்தது. நான் மனு அடித்தேன். ஒன்றல்ல, ஆறு. முத்திரை ஒட்டி, முப்பத்தெட்டு வீட்டுக் கையெழுத்தும் வாங்கி, டாக்டரம்மா சீட்டையும் இணைத்தேன். ஐந்து மனு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறாவதுக்கு ஆள் வந்தது. பாக் ஹெர்வின், விளக்குப் பிரிவு ஆய்வாளர், மெலிந்த இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் வெளிச்சம் அளக்கும் கருவி. வந்த நேரம் பகல் பதினோரு மணி.

மாடிக்குப் போய்த் தலையணைமேல் கருவியை வைத்து அளந்தார். புருவத்தைச் சுருக்கினார், அம்மா என்கிற மரியாதையோடு என்னை இபு என்று அழைத்துச் சொன்னார். "அதிகமாத்தான் இருக்கு. ஆனா இது முழுக்க சூரியன் இபு. விளக்கோட பங்கு பூஜ்யம்."

"விளக்கு எரியலையே தம்பி!"

"அதான் பூஜ்யம்."

படிவத்தில் பரிந்துரை என்ற இடத்தில், பகலில் ஜன்னலைச் சாத்தி வைக்கவும் என்று எழுதினார். ஆய்வின்போது தூங்க முடியாமல் படுத்திருந்தவர்கள் என்ற கட்டத்தில், யாருமில்லை. மிஸ்னாலி அந்த நேரம் கீழே ஒருத்தருக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி வந்து அளக்கக் கூடாதா என்று நான் கத்தினேன். கத்தினேன் என்று பாக் விர்யோ பிறகு சொன்னார், எனக்கென்னவோ பேசியதாகத்தான் ஞாபகம். ஹெர்வின் கோபப்படவில்லை. "மூணரைக்கு மேல கருவி அலமாரிக்குள்ள போயிடும் இபு. சாவி வெச்சிருக்கிறவர் நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவார். எங்க வேலை நேரத்துக்குள்ள எனக்கு மூணு விஷயம் கிடைச்சாப் போதும். இருட்டு இருக்கணும், விளக்கு எரியணும், ஆள் கட்டில்ல படுத்திருக்கணும். அரை மணி நேரம் பார்ப்பேன். தூக்கம் வரலைன்னா பாதிப்பு உண்டுன்னு எழுதிடுவேன். மங்கலான மஞ்சள் விளக்கா மாத்தியே ஆகணும், வேற வழி கிடையாது."

"தூங்கிட்டா?"

"பாதிப்பு இல்லைன்னு கோப்பை மூடிடுவாங்க. மறுபடி திறக்க மாட்டாங்க." கருவியைப் பையில் போட்டுக்கொண்டே, "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு வேணா வர்றேன்" என்றார்.

அன்று மாலையே பாக் விர்யோ வீட்டு வாசலில் பாய் விரித்துக் கூட்டம். வாழைப்பழ பஜ்ஜி வந்தது, தேநீர் வந்தது, யோசனை மட்டும் வரவில்லை. கடைசியில் பாக் விர்யோ எழுந்து நின்றார். ஒற்றைப் புருவத்தோடு அவர் எதைச் சொன்னாலும் பாதி முகம் கோபமாகவும் மீதி முகம் யாரோ தெரியாதவர் போலவும் இருந்தது.

"அவங்க ராத்திரில வர மாட்டாங்க. சரி. அப்ப திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நாம ராத்திரி ஆக்கிக் காட்டணும்."

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். பந்தல் கசியான் மட்டும் பேசினார். "எத்தனை அடி அகலத்துக்கு ராத்திரி வேணும் பாக்?"

ஞாயிற்றுக்கிழமை சந்து மொத்தமும் கூடி வேலையில் இறங்கியது. சாக்கடை தூர்வார அழைத்தால் முதுகுவலி வந்துவிடுகிற மனிதர்களெல்லாம் ராத்திரி கட்ட ஓடி வந்தார்கள். கசியானின் கல்யாணப் பந்தல் குழாய்களை மிஸ்னாலியின் வீட்டையும் விளக்குக் கம்பத்தையும் சேர்த்துச் சுற்றி நட்டோம். ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டோம். மேலே லாரித் தார்ப்பாய். அது போதாமல், கடந்த தேர்தலில் தோற்ற வேட்பாளர்களின் பேனர்கள், முப்பதுக்கும் மேல், கோழிக்கூட்டிலிருந்தும் மாட்டுக்கொட்டகையிலிருந்தும் வந்தன. முகத்தை உள்பக்கமாக வைத்தோம், வெளியே வைத்தால் பிரச்சாரம் ஆகிவிடும் என்று பாக் விர்யோ பயந்தார். சின்னச் சின்ன ஓட்டைகளை என் கடையில் விலைபோகாமல் கிடந்த கார்பன் தாளால் அடைத்தேன். இருபது வருஷமாக அதற்கு ஒரு உபயோகம் வரும் என்று காத்திருந்தேன்.

திங்கள் காலை ஒன்பதே காலுக்குக் கடைசி மடிப்பை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே கும்மிருட்டு. ஒரு நொடி, இரண்டு நொடி. விளக்கின் தலையில் வெளிச்சத்தை உணர வைத்திருந்த சின்னக் கண்ணுக்குப் பொழுது சாய்ந்துவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். பளிச்சென்று தானாகவே எரிந்தது. சந்தே கைதட்டியது. கசியானின் மூன்று கோழிகளும் பேசாமல் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. சுற்றிலும் முப்பது வேட்பாளர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் நைட்டிக்கு மாற வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் நைட்டியில்தான் இருந்தோம், அது நாள் முழுக்க உடுத்துவதுதான். ரோந்துக்காரர் மூங்கிலைத் தட்டிப் பத்து அடித்தார். பத்துமணி என்றால் பத்துமணிதானே, அதில் பொய் இல்லை. கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்க மாலையில் மட்டும் வருகிற சாத்தே வண்டிக்காரர் மணியை ஆட்டிக்கொண்டு பேனரை விலக்கி எட்டிப் பார்த்தார். "இங்க ராத்திரி ஆயிடுச்சாமே? அம்பது குச்சி தயாரா இருக்கு." பாக் விர்யோ அவரை அதட்டப் போனார். ஆனால் ஆட்டிறைச்சி வாசனை வந்ததும், ராத்திரி என்றால் அது முழு ராத்திரியாக இருக்க வேண்டும் என்று சொல்லித் தானே முதல் பத்துக் குச்சி வாங்கினார்.

ஹெர்வின் சரியான நேரத்துக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். வெளியே போய் வெயிலைப் பார்த்தார், மறுபடி உள்ளே வந்தார். "இருட்டு இருக்கு. விளக்கு எரியுது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு படிவத்தில் இரண்டு குறி போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நல்ல ராத்திரி இபு" என்றார். வணக்கமா பாராட்டா என்று தெரியவில்லை. நானும் பதிலுக்குச் சொல்லி வைத்தேன்.

மாடியில் மிஸ்னாலி கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தார். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அரை மணி நேரம் தூங்காமல் இருக்க வேண்டும். ஒன்பது வாரமாக அவர் செய்துவந்த ஒரே வேலை அதுதான். அதனால் அதைப் பற்றி மட்டும் ஒருவரும் கவலைப்படவில்லை.

ஹெர்வின் தலையணை ஓரத்தில் கருவியை வைத்தார். படிவத்தில் இருந்த எல்லையைப் போல நாலு மடங்கு. "இவ்வளவு வெளிச்சத்துலயா பாக் படுக்குறீங்க?" என்று அவருக்கே மனம் பொறுக்காமல் கேட்டார்.

"பழகிடுச்சுன்னு பொய் சொல்லக்கூட முடியல தம்பி" என்றார் மிஸ்னாலி.

ஹொஸ்னியாவும் நானும் கதவருகே நின்றோம். கீழே சந்து மொத்தமும் எங்களுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. விசிறியால் கரியை ஊதும் சத்தம், யாரோ தேநீர் கலக்கும் சத்தம். ரோந்துக்காரர் மூங்கிலை லேசாகத் தட்டிக்கொண்டே போனார். அத்தனை பேரும் தனக்காகத்தான் விழித்திருக்கிறார்கள் என்று மிஸ்னாலிக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நிமிஷம் கூரையைப் பார்த்தார். பத்து நிமிஷம். பதினைந்தில் என்னைப் பார்த்து, "கசியான் கயிறை நல்லாத்தான் கட்டியிருக்கான் இல்ல?" என்றார். இருபதில் ஒரு பெருமூச்சு விட்டார்.

இருபத்து மூன்றாவது நிமிஷம், முகத்தில் பால்மாதிரி வெளிச்சம் கொட்டிக்கொண்டிருக்க, வாய் திறந்தது, குறட்டை வந்தது.

நானும் ஹொஸ்னியாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இருமல் அது. அவருக்கு இருமல் இப்படித்தான் வரும்" என்றேன்.

ஹெர்வின் குனிந்து பார்த்தார். "தூங்குறார் இபு."

"மயக்கம் போட்டிருப்பார்."

மறுபடி குறட்டை. பலகைச் சுவரே அதிரும் அந்தப் பழைய குறட்டை. ஒன்பது வாரமாகக் காதில் விழாதது. கீழே பேச்சு சட்டென்று நின்றது. பாக் விர்யோ கையில் சாத்தே குச்சியோடு படியேறி வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஹெர்வின் கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. இப்ப எழுப்பிட்டீங்கன்னா, படுத்திருந்தார், தூங்கலைன்னு எழுதிடுறேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். எனக்கு எதுவும் தெரியாது." சொன்னபடியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். இந்த உலகத்தில் நகராட்சியிலும் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"எழுப்பு ஹொஸ்னியா" என்றேன்.

அவள் கட்டிலருகே போனாள். கையை நீட்டினாள். அவர் தோளுக்கு மேலே அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே அவர் முகத்தில் உட்கார்ந்த ஒரு கொசுவை விரட்டினாள். "நீங்க எழுப்புங்கக்கா" என்று பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

நான் ஆறு மனு அடித்தவள். முப்பத்தெட்டு வீட்டில் கதவைத் தட்டியவள். என்னைவிடக் கல்நெஞ்சுக்காரி அந்தச் சந்தில் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. போனேன். மனிதர் முகத்தில் ஒன்பது வாரமாக இறுகிக் கிடந்ததெல்லாம் அவிழ்ந்து கிடந்தது. நடுங்கும் வலது கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார், அது நடுங்கவில்லை. ஒரு உலுக்கு உலுக்கினால் அவர் வாழ்நாள் பிரச்சினை தீரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

"நீங்க எழுப்புங்க பாக்" என்றேன்.

"என் புருவத்தை எடுத்தவன். எனக்குத்தான் உரிமை அதிகம்" என்று பாக் விர்யோ முன்னால் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையிலிருந்த குச்சியைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "செருப்பை யாரும் தேய்க்காம இறங்குங்க" என்றார்.

ஹெர்வின் திரும்பியபோது முப்பது நிமிஷம் முடிந்திருந்தது. படிவத்தை எடுத்து நிரப்பினார். தூங்கியவர்கள், ஒருவர். பாதிப்பு, இல்லை. கையெழுத்துப் போட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "பந்தலை இப்பவே பிரிச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

யார் பிரிக்கப் போகிறார்கள்? நண்பகலில் ராத்திரிக்குள்ளேயே எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டு சாப்பிட்டோம். பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கசியான் கோழிகளை ஒவ்வொன்றாக மரத்திலிருந்து இறக்கி, கத்தாமல் இருக்க வேறு சந்துக்குக் கொண்டுபோய் விட்டுவந்தார்.

மாலை ஆறரைக்கு மிஸ்னாலி இறங்கி வந்தார். தலை கலைந்து, கன்னத்தில் தலையணையின் தடம். சந்தே அங்கே உட்கார்ந்திருந்தது.

"என்னாச்சு? மாத்துறாங்களா?" என்றார்.

ஹொஸ்னியாதான் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"ஏழு நிமிஷம் இருந்துச்சா? ஏழு நிமிஷம்? ஒரு தட்டுத் தட்டியிருந்தா ஆயுசு பூரா தூங்கியிருப்பேனேடி! இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தருக்குக்கூடவா கை இல்ல?"

"இருந்துச்சு" என்றாள் ஹொஸ்னியா. "எல்லாருக்கும் இருந்துச்சு. யாருக்கும் மனசு வரல. போதுமா? போய்க் கண்ணாடில உங்க மூஞ்சியைப் பாருங்க. ரெண்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் என் புருஷன் மாதிரி இருக்கீங்க."

அவர் கடைக்குள் போனார். கண்ணாடியைப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு நாற்காலியைத் தூக்கி வந்து விளக்குக்கு நேர் கீழே போட்டார், கையை நீட்டி எல்லோருக்கும் காட்டினார். அது கல் மாதிரி நின்றது. "யாருக்கு வெட்டணும்? வாங்க. மறுபடி எப்பத் தூங்குவேன்னு எனக்கே தெரியாது." அன்று பத்தொன்பது தலை வெட்டினார். ஒருத்தர்கூட வாய்ப்பாடு கேட்கவில்லை.

கோப்பு மூடப்பட்டது. உங்கள் பகுதியில் தூக்கம் திருப்திகரமாக உள்ளது என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது, அதைச் செயலாளர் என்ற முறையில் நானே பெற்றுக்கொண்டேன். விளக்கு இன்றும் எரிகிறது. மிஸ்னாலி மாலையிலிருந்து நள்ளிரவு வரை அதன் கீழ் முடிவெட்டுகிறார், காலை ஆறு மணிக்குப் படுக்கப் போகிறார். அவருக்கு ராத்திரி கட்டிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. ரோந்துக்கு இருப்பதுபோல அதற்கும் முறைப் பட்டியல் போட்டு, அடித்து, முப்பத்தெட்டு நகல் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறேன். விடிந்ததும் விளக்கின் கண்ணை மறைக்காமல், காற்று ஓட இடம் விட்டு, தார்ப்பாயை ஜன்னல்மேல் இழுத்துக் கட்ட வேண்டும், பகல் ஒரு மணிக்கு அவிழ்க்க வேண்டும். பெருநாள் வந்து போய்விட்டது. அவர்கள் மதுராவுக்குப் போகவில்லை.

அந்தப் பட்டியலில் என் பெயர் செவ்வாய்க்கிழமையில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஜெராக்ஸ் மெஷின் போடும் சத்தம் உங்களுக்குத் தெரியுமல்லவா? பலகைச் சுவர் தாங்காது. அதனால் எந்தக் கிழமையானாலும் காலையில் அடையாள அட்டையை நகல் எடுக்க யார் வந்து நின்றாலும், ஒரு மணிக்கு மேல் வாருங்கள் என்று கிசுகிசுத்து அனுப்பிவிடுகிறேன்.